செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பிறவி எண் உண்டு!

அரியலூரில் ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிய நாளில் இருந்து அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அந்த வீடு இருக்கும் மாவட்டம் நான்கு தடவை மாறிவிட்டது!

எப்படி என்கிறீர்களா?

முதலில் அது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995-ம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. அரியலூர் அதில் சேர்ந்தது. 2001 ஜனவரி 1-ந் தேதி அரியலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2002 மார்ச் 31-ந் தேதி அதைக் கலைத்து மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ந் தேதி மீண்டும் தனி மாவட்டம் ஆனது.

ஒவ்வொரு தடவையும் முகவரி மாறியது. ரப்பர் ஸ்டாம்பு மாறியது. கடைக்காரர்கள் பெயர்ப் பலகையை அழித்து எழுதினார்கள். வீட்டுக் கதவிலும் “பழைய எண்”, “புதிய எண்” என்று இரண்டு எண்கள் இருக்கும். தபால்காரருக்குத்தான் தலைவலி!

முகவரி என்பது அப்படித்தான். அது பொருளோடு ஒட்டியது அல்ல. வெளியில் இருந்து நாம் வைத்தது. நாமே மாற்றியும் விடுவோம்.

ஒரு பொருளை அது எங்கே போனாலும், யார் கைக்கு மாறினாலும், இதுதான் அது என்று கண்டுபிடிக்க வேண்டுமா? அதற்கு வேறு வகை எண் வேண்டும். பிறக்கும்போதே கொடுக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஊர்ப் பெயர், உடையவர் பெயர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஏன் என்றால் அவை மாறும்.

மாட்டின் காதில்

இதை நம் கிராமத்தார் ஏற்கெனவே அறிவார்கள். மாட்டின் காதில் மஞ்சள் நிற வில்லை தொங்குகிறதே, பார்த்திருக்கிறீர்களா? அதில் 12 இலக்க எண் இருக்கும். ஜெயங்கொண்டத்துப் பசுவைப் பெரம்பலூர்க்காரர் வாங்கிப் போனாலும் எண் மாறாது. பசு போகும் இடமெல்லாம் எண்ணும் போகும்.

லாரியிலும் இதே கதை. திருச்சியில் பதிவு செய்த லாரிக்கு “டி.என். 45”. பெரம்பலூர் லாரிக்கு “டி.என். 46”. அரியலூரில் சிமெண்டு ஏற்றும் லாரிகளில் “டி.என். 61” என்று பார்க்கலாம். இது பலகையில் எழுதிய எண். வேறு மாநிலத்துக்கு வண்டியை நிரந்தரமாகக் கொண்டு போனால் புது எண் வாங்க வேண்டும். திருடன் கையில் சிக்கினால் ஒரு ஸ்குரு டிரைவர் போதும், பலகை மாறிவிடும்.

ஆனால் வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் வேறு. அது தொழிற்சாலையில் இட்ட எண். திருட்டு வண்டியைப் பிடித்தால் போலீசார் பலகையை நம்புவது இல்லை. குனிந்து சேசிஸ் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

செல்போனிலும் இதே போல இரண்டு எண்கள் உண்டு. கம்ப்யூட்டரிலும் உண்டு. (செல்போனும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தானே!) பலருக்கு முதல் எண்தான் தெரியும். இரண்டாவது எண் தெரியாது. போன் தொலைந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சிறுவாச்சூரில் தொலைந்த போன்

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவில் திங்களும் வெள்ளியும் திறக்கும் கோவில். அன்று நல்ல கூட்டம். தாயும் மகனும் சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்கள். பெரம்பலூரில் இறங்கிப் பையைப் பார்த்தால் போனைக் காணோம்.

“போனால் போகட்டும், வேறு வாங்கலாம்” என்று சொல்ல முடியுமா? பத்தாயிரம் ரூபாய் போன் என்றால் சின்ன வெங்காயம் எத்தனை மூட்டை விற்க வேண்டும்! பணம் மட்டுமா? பாங்கிக் கணக்கு அதில். மகளிர் குழுக் கடன் விவரம் அதில். கேஸ் புத்தகத்து நம்பர் அதில். காலமான தாத்தாவின் படம் அதில்.

போலீஸ் நிலையத்துக்குப் போகிறார்கள்.

“போன் நம்பர் என்னம்மா?” என்று ஏட்டு கேட்கிறார்.

“94-ல் ஆரம்பிக்கும் அய்யா...”

“அது சிம் நம்பர் அம்மா. திருடன் சிம்மைக் கழற்றி எறிந்திருப்பான். போனுடைய நம்பர் என்ன? ஐ.எம்.இ.ஐ. நம்பர்?”

தாய் மகனைப் பார்க்கிறார். மகன் தாயைப் பார்க்கிறான்.

இந்த இடத்தில்தான் பல பேர் திகைத்து நிற்கிறார்கள்.

எண் எங்கே இருக்கிறது?

இதைப் படித்துக்கொண்டே உங்கள் போனைக் கையில் எடுங்கள். யாருக்கோ பேசப் போவது போல எண் அழுத்தும் பக்கத்தைத் திறங்கள். முதலில் நட்சத்திரக் குறி. அடுத்து வேலி போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட குறி. பிறகு பூஜ்யம், ஆறு. கடைசியில் மறுபடியும் வேலிக் குறி. அதாவது *#06#.

திரையில் 15 இலக்க எண் வந்துவிடும். காசு பிடிக்காது. இண்டர்நெட் வேண்டாம். பழைய பொத்தான் போனிலும் இது வேலை செய்யும். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இரண்டு எண்கள் வரும். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன் வாங்கிய அட்டைப் பெட்டியிலும் இந்த எண் ஒட்டியிருக்கும். ஆனால் பெட்டியை நாம் வைத்திருக்கிறோமா? குழந்தைகள் விளையாட எடுத்துப் போய்விடுகின்றன. கடைக்காரர் ஒழுங்காகப் பில் போட்டிருந்தால் அதிலும் இருக்கும்.

எதில் எழுதிக்கொள்வது? சிலர் அதே போனுக்குள் பதிவு செய்து வைக்கிறார்கள்! வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போல இது. ரேஷன் கார்டும் நிலப் பட்டாவும் இருக்கும் தகரப் பெட்டியில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள்.

15 இலக்கத்தின் கதை

பட்டா என்றதும் நினைவு வருகிறது. நிலத்துக்கு எப்படி எண் கொடுக்கிறார்கள்? முதலில் கிராமம். பிறகு அந்தக் கிராமத்துக்குள் சர்வே எண். இரண்டும் சேர்ந்தால் அந்தத் துண்டு நிலம் ஒன்றுதான். அடுத்த கிராமத்திலும் 45-ம் சர்வே எண் இருக்கலாம். குழப்பம் வராது.

போனிலும் அதே ஏற்பாடுதான். முதல் 8 இலக்கம் கிராமத்தைப் போல. எந்தக் கம்பெனி, எந்த மாதிரி போன் என்று அது சொல்லும். செல்போன் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. இதை ஒதுக்கித் தருகிறது. அடுத்த 6 இலக்கம் சர்வே எண் போல. அந்த மாதிரியில் இது எத்தனையாவது போன் என்பதைக் காட்டும்.

8-ம் 6-ம் 14. மீதி ஒரு இலக்கம் எதற்கு?

அதுதான் காவல்காரன்! முதல் 14 இலக்கத்தை யாராவது தப்பாக எழுதினால் கடைசி இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த விஞ்ஞானி. 1954-ல் காப்புரிமை கேட்டார். 1960-ல் கிடைத்தது. பாங்கிக் கார்டு எண்களிலும் இதே கணக்குத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்துவதற்காக உதாரணமாகக் காட்டும் ஓர் எண் உண்டு. அதன் முதல் 14 இலக்கம்: 4 9 0 1 5 4 2 0 3 2 3 7 5 1.

இரண்டாம் இடம், நான்காம் இடம், ஆறாம் இடம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டியுங்கள். 9 இரட்டித்தால் 18. இரண்டு இலக்கம் வந்துவிட்டது. ஒன்றையும் எட்டையும் கூட்டி 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1 இரட்டித்தால் 2. பிறகு 4-க்கு 8. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். 2-க்கு 4. 7-க்கு 14; அதாவது 5. கடைசி 1-க்கு 2. இவற்றைக் கூட்டினால் 30.

இரட்டிக்காத எண்கள் 4, 0, 5, 2, 3, 3, 5. இவற்றைக் கூட்டினால் 22.

மொத்தம் 52. அடுத்து வரும் முழுப் பத்து 60. அதற்கு இன்னும் எவ்வளவு வேண்டும்? 8. ஆகவே 15-வது இலக்கம் 8!

இப்போது உங்கள் வீட்டுப் போன் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் எழுதியதில் பெரும்பாலும் பிழை இல்லை. ஏதாவது ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதியிருந்தால் விடை ஒத்துவரவே வராது.

சிம்மை மாற்றினாலும்

திருடன் சிம்மை எறிந்துவிட்டான். புது சிம் போடுகிறான். என்ன நடக்கிறது?

போன் உயிர் பெற்றதும் பக்கத்து டவரோடு பேசுகிறது. “நான் இந்த சிம்” என்று மட்டும் சொல்வது இல்லை. “நான் இந்தப் போன்” என்றும் சொல்லியாக வேண்டும். டவர் கேட்டால் 15 இலக்க எண்ணை ஒப்பிக்கும். செல்போன் கம்பெனியிடம் ஒரு பதிவேடு இருக்கும். அதில் அனுமதித்த போன்கள், தடுத்த போன்கள் என்று கணக்கு இருக்கும். தடுத்த பட்டியலில் எண் இருந்தால் சேவை கிடைக்காது.

முன்பெல்லாம் இதில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு கம்பெனியின் பட்டியல் இன்னொரு கம்பெனிக்குத் தெரியாது. திருடன் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் பேசலாம்!

இதற்காக மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு ஏற்படுத்தியது. அதன் பெயர் சி.இ.ஐ.ஆர். 2019-ல் மராட்டியத்தில் சோதனையாகத் தொடங்கினார்கள். 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்தது. “சஞ்சார் சாத்தி” என்ற அரசு இணையதளத்தில் இது இருக்கிறது.

தொலைத்தவர் செய்ய வேண்டியது இதுதான். முதலில் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். சிம் கம்பெனியில் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்க வேண்டும். மாற்று சிம்முக்கு எஸ்.எம்.எஸ். வர ஒரு நாள் வரை ஆகலாம்; பதற வேண்டாம். பிறகு இணையதளத்தில் 15 இலக்க எண், தொலைந்த இடம், நாள், ரசீது, அடையாளச் சான்று ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அந்தப் போன் இந்தியாவில் எந்தக் கம்பெனி சிம்முக்கும் வேலை செய்யாதபடி தடுத்துவிடுவார்கள்.

தடுத்த பிறகும் ஒரு வேலை நடக்கிறது. யாராவது அந்தப் போனில் சிம் போட்டால் எந்த சிம் என்ற தகவல் போலீசாருக்குப் போகிறது. பெரும்பாலும் சிக்குகிறவர் திருடனாக இருப்பது இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவனிடம் வாங்கிய அப்பாவியாக இருப்பார்! போலீஸ் கூப்பிட்டதும் கை நடுங்க எடுத்து வந்து கொடுத்துவிடுகிறார்.

மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு அலுவலகத்தில் மேஜை மேல் வரிசையாகச் செல்போன்களை அடுக்கி, உரியவர்களைக் கூப்பிட்டு ஒப்படைக்கும் படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இப்படி நடக்கிறது. அந்த மேஜைக்குப் போன் திரும்பி வருவது இந்த 15 இலக்கத்தால்தான்.

போன் கிடைத்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதே இணையதளத்தில் தடையை நீக்கச் சொல்ல வேண்டும். இதை மறந்துவிட்டு, “போன் கிடைத்தும் பேச முடியவில்லையே!” என்று தவிப்பவர்களும் உண்டு.

எண்ணையே மாற்றினால்?

கெட்டிக்காரத் திருடன் சும்மா இருப்பானா? போனுக்குள் இருக்கும் எண்ணையே மாற்றப் பார்க்கிறான். சேசிஸ் எண்ணை அரத்தால் ராவுவது போல. இதற்கென்று கள்ளத்தனமான மென்பொருள்கள் உண்டு.

அரசாங்கம் இதைக் கடும் குற்றமாக வைத்திருக்கிறது. 2017-ல் தனி விதி வந்தது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போட்டிருக்கிறார்கள்.

எண்ணே இல்லாத போன்களும் ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைகளில் குவிந்து கிடந்தன. “சைனா போன்” என்று சொல்வோமே, அவற்றில் பல அந்த ரகம். சிலவற்றில் 15 பூஜ்யம் இருக்கும்! சரியான எண் இல்லாத போன்களுக்கு 2009 டிசம்பர் முதல் இணைப்பு கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள்.

2020-ல் உத்தரப்பிரதேச மாநிலம் மீரட்டில் போலீசார் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்று சொல்வதைவிட விபரீதம் என்றே சொல்ல வேண்டும். ஒரே எண். அந்த எண்ணில் 13,500-க்கும் அதிகமான செல்போன்கள் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தன! ஒருவன் தப்புச் செய்தால் பதின்மூன்று ஆயிரம் பேரில் யாரைப் பிடிப்பது? ஒரு எண்ணைத் தடுத்தால் அத்தனை பேருடைய போனும் சேர்ந்து செத்துப்போகும் அல்லவா? இரண்டு பொருளுக்கு ஒரே எண் இருந்தால் அது எண்ணே இல்லை.

இந்தியர் கண்ட வழி

சரி, உலகம் முழுவதிலும் ஒரு எந்திரத்துக்குக் கொடுத்த எண் இன்னொன்றுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி? செல்போன் எண் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டர்காரர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள்.

1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பல கம்ப்யூட்டர்களை ஒரே கம்பியில் இணைத்தார்கள். “ஈதர்நெட்” என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண். ஆனால் அந்தச் சோதனைக் கம்பியில் 256 எண்களுக்குத்தான் இடம் இருந்தது. ஒரு கட்டிடத்தில் 5-ம் எண் எந்திரம் இருக்கும். இன்னொரு கட்டிடத்திலும் 5-ம் எண் இருக்கும். ஒன்றைத் தூக்கி இன்னொரு கட்டிடத்தில் வைத்தால் சண்டைதான்!

அங்கே வேலை பார்த்தவர்களில் யோகன் தலால் என்ற இந்தியரும் ஒருவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். இண்டர்நெட்டின் ஆரம்ப விதிகளை 1974-ல் எழுதிய மூவரில் அவரும் ஒருவர். அவரும் ராபர்ட் பிரின்டிஸ் என்பவரும் 1981-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன யோசனை இது:

கம்ப்யூட்டர் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து எண் கொடுக்காதீர்கள். தொழிற்சாலையிலேயே கொடுத்துவிடுங்கள். எங்கே கொண்டு போய் வைத்தாலும் அதே எண்.

அரியலூர்க்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார்கள்!

அந்த எண்ணில் 12 இடங்கள் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 9 வரை, அல்லது ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளில் ஒன்று வரும். முதல் 6 இடங்கள் கம்பெனிக்கு. மீதி 6 இடங்களில் கம்பெனி தன் சரக்குக்கு எண் போட்டுக்கொள்ளும். ஒரு ஒதுக்கீட்டில் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 எந்திரங்களுக்கு எண் கிடைக்கும். எல்லாம் சேர்ந்து சுமார் 281 லட்சம் கோடி எண்கள்! முதலில் ஜெராக்ஸ் கம்பெனியே எண்களை ஒதுக்கியது. பிறகு எஞ்சினீயர்களின் சங்கமான ஐ.இ.இ.இ. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

“மேக் அட்ரஸ்” என்று இதைச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு டி.வி.யில் வைபை இருந்தால் அதற்கும் இந்த எண் உண்டு. அட்ரஸ் என்ற பெயர்தான் பொருத்தம் இல்லை. முகவரி அல்லவே இது! பிறப்பு அடையாளம்.

லேப்டாப் தொலைந்தால்

அப்படியானால் தொலைந்த லேப்டாப்பையும் செல்போன் போலக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்பீர்கள்.

முடியாது. மேக் எண் அந்தத் தெருவைத் தாண்டாது. லேப்டாப் எந்த வைபையோடு இணைகிறதோ அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் அது தெரியும். அதற்கு அப்பால் உலகத்துக்கு வேறு எண் போகிறது. அது அந்த இடத்தில் இரவலாகக் கிடைக்கும் எண். ஊருக்கு ஊர் மாறும். சிம் போடாத லேப்டாப்புக்கு நாடு தழுவிய தடைப் பட்டியலும் கிடையாது.

ஆனால் லேப்டாப்புக்கும் சீரியல் எண் உண்டு. அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். இதன் அருமை தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு நன்றாகத் தெரியும். 2011 செப்டம்பர் 15-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். எல்காட் நிறுவனம் லட்சக்கணக்கில் வாங்கியது. எல்லாம் ஒரே நிறம், ஒரே மூடி. இரட்டைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறோம். இவை லட்சம் பிள்ளைகள்! பள்ளிப் பூட்டை உடைத்து லேப்டாப்புகளைத் தூக்கிப்போன வழக்குகள் தமிழ்நாட்டில் பல. பிடிபட்ட லேப்டாப் எந்தப் பள்ளியுடையது, எந்த மாணவிக்கு வர வேண்டியது? பதிவேட்டில் எழுதிய சீரியல் எண் ஒன்றுதான் பதில் சொல்லும். எண்ணை எழுதி வைக்காத பள்ளியின் பொருளைப் போலீஸ் நிலையத்தில் அடையாளம் காட்டவே வழி இருக்காது.

அடியில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டால்? கவலை இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் அதே எண்ணை உள்ளே இருக்கும் தாய்ப்பலகையிலும் பதிந்து வைக்கின்றன. “மதர்போர்டு” என்று ரிப்பேர்க் கடையில் சொல்வார்களே, அது.

அந்தத் தாய்ப்பலகையே எரிந்துபோய் வேறு பலகை போட்டால்? இங்கேதான் சிக்கல். கிராமத்தில் ஒரு மாட்டு வண்டி. முதல் வருஷம் சக்கரம் மாற்றினார்கள். அடுத்த வருஷம் அச்சு மாற்றினார்கள். பிறகு நுகத்தடி. இப்போது அது பழைய வண்டியா, புது வண்டியா? பெரியவர்கள் “அதே வண்டிதான்” என்பார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். கம்பெனி ரிப்பேர்க் கூடத்தில் புதுப் பலகையில் பழைய சீரியல் எண்ணையே எழுதிக் கொடுப்பது வழக்கம். தெருக் கடையில் மாற்றினால் இதைச் செய்யாமல் விடுவதும் உண்டு. அப்போது அடியில் ஓர் எண், உள்ளே ஓர் எண் என்று ஆகிவிடும். ரிப்பேர் ஆனதும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வேவு பார்த்த குப்பைத்தொட்டி!

மாறாத எண்ணால் நன்மை மட்டும்தானா? இல்லை. உங்கள் போனைத் தேடி வரும் எண், உங்களையும் தேடி வரும்.

லண்டன் நகரத் தெருக்களில் ஒரு விளம்பரக் கம்பெனி நவீன குப்பைத்தொட்டிகளை வைத்திருந்தது. நடந்து போகிறவர்களின் சட்டைப் பையில் இருக்கும் செல்போன்களின் மேக் எண்ணை அந்தத் தொட்டிகள் குறித்துக்கொண்டன. இந்தப் போன் நேற்றும் வந்தது, இன்றும் வருகிறது என்று கணக்கு எடுத்தன. விஷயம் வெளியில் வந்ததும் ஒரே கூச்சல். 2013 ஆகஸ்டில் நகர நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது.

அதற்கு முன்பு 1999-ல் இன்டெல் கம்பெனி தன் பென்டியம்-3 சிப்பில் ஒரு மாறாத எண்ணைப் பதித்தது. யார் எந்தக் கம்ப்யூட்டரில் எதைப் பார்க்கிறார்கள் என்று வேவு பார்க்க இது வழி செய்யும் என்று எதிர்ப்பு எழுந்தது. அடுத்த சிப்பில் இன்டெல் அதை விட்டுவிட்டது.

இப்போது செல்போன்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. வைபையில் சேரும்போது உண்மையான மேக் எண்ணைச் சொல்வது இல்லை. அவ்வப்போது ஒரு வேஷம் போட்டுக்கொள்கின்றன. 2014-ல் ஆப்பிள் போன், வைபையைத் தேடும்போது இப்படிச் செய்யத் தொடங்கியது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, வைபையில் சேரும்போதும் இதைச் செய்தது. ஆனால் டவரிடம் மட்டும் இந்த வேஷம் செல்லாது. அங்கே 15 இலக்க எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் ஒரு சர்ச்சை வந்தது. 2025 நவம்பர் கடைசியில், புதுப் போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி செயலியைக் கம்பெனிகளே போட்டுத்தர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. போனைக் காக்கிறோம் என்றது அரசு. அரசே நம் பைக்குள் வந்து உட்காருவதா என்று பலர் கேட்டார்கள். டிசம்பர் 3-ந் தேதி அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. விரும்பியவர்கள் தாங்களாகப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. தொலைத்தவர் தானாகப் போய்ப் புகார் கொடுத்தால் எண்ணைத் தேடுவது வேறு. எல்லோருடைய போனிலும் முன்கூட்டியே காவல் வைப்பது வேறு.

பழைய போன் வாங்குகிறீர்களா?

பஸ் நிலையத்துப் பக்கம் ஒருவர் வருகிறார். “அவசரமாகப் பணம் தேவை, பாதி விலைக்குத் தருகிறேன்” என்று ஒரு போனை நீட்டுகிறார். ஆசை வரும். பொறுங்கள்.

அந்தப் போனிலேயே *#06# அழுத்துங்கள். வரும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து. ஓர் இடைவெளி. பிறகு அந்த 15 இலக்கம். அனுப்ப வேண்டிய எண் 14422. அந்த எண் எந்தக் கம்பெனியின் எந்த மாதிரிப் போனுக்கு உரியது, அது தடுக்கப்பட்டதா என்று பதில் வரும். கையில் இருக்கும் போன் ஒரு கம்பெனி, பதிலில் வரும் பெயர் வேறு கம்பெனி என்றால் எண் மாற்றிய போன் அது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

பதில் சரியாக வந்தாலும் பில் கேளுங்கள். பில்லில் இருக்கும் எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்றா என்று கடைசி இலக்கம் வரை ஒத்துப் பாருங்கள். “பில் எல்லாம் தொலைந்துவிட்டது அண்ணே” என்று அவர் சொன்னால், பெட்டியைக் கேளுங்கள். பெட்டியும் இல்லை என்றால் அவர் கேட்கும் பாதி விலையும் அதிகம்தான்.